மெஷினைச் சாய்த்துப் பார்க்கிற அக்கா

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். சிலர் அடுப்படியை எட்டிப் பார்ப்பார்கள். பாட்ஸ் அக்கா தையல் மெஷினைத் தேடுவார். கல்யாண வீடா, சாவு வீடா என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது.

நான் அவரை முதன்முதலில் பார்த்ததே ஒரு கருமாதி வீட்டில்தான். பொகவந்தலாவை பஜாருக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் எனக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பெரியம்மா இறந்து, பதினாறாம் நாள் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. தோளில் பெரிய றெக்சின் பையோடு ஒருவர் உள்ளே வந்தார். இறந்தவரின் மகளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மாவோட மெஷின் எங்க தங்கச்சி இருக்கு?" என்று கேட்டார்.

வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன். அந்த மகளோ கோபப்படவில்லை. உள்ளறையைக் கை காட்டினாள். அடுத்தவர் சங்கதி என்றால் எனக்குக் காது ஒரு முழம் நீளும். எச்சில் கையோடு எழுந்து பின்னாலேயே போய்விட்டேன்.

மூலையில் பழைய சேலை போர்த்திய கால் மெஷின் ஒன்று இருந்தது. சேலையை விலக்கினார். மெஷினுக்கு என்ன கோளாறு என்று யாரிடமும் கேட்கவில்லை. அதன் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்த்தார். பழைய கறுப்பு மெஷின்களின் தலை பலகையில் கீல் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும், எண்ணெய் விடுவதற்காகச் சாய்க்கலாம். அவர் எண்ணெய் விடவில்லை. ஃபோன் வெளிச்சத்தைப் போட்டு அடிவயிற்றைப் பார்த்தார். கைச்சக்கரத்தின் உட்புறத்தை விரலால் தடவினார். பிறகு மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு, "என்னா பண்ணுது இது? நூல் அறுக்குதா?" என்று மகளிடம் கேட்டார்.

நான் பொறுக்கமாட்டாமல், "அடியில என்னாத்தங்க்கா பாத்தீங்க?" என்றேன்.

"துரு."

"இருந்துச்சா?"

"இல்ல."

துரு இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அந்த "இல்ல"யில் சந்தோஷமே இல்லை. முகம் ஒரு நொடி வாடியது. அன்றைக்கே அது என் மண்டைக்குள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அவருக்குப் பிடிக்காது என்பதால் அதை எழுதவில்லை. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை என்னைப் போன்ற தையல்கடைக்காரிகள் எல்லோருக்கும், மெஷின் பாட்ஸ் தேடித் தருவதால், அவர் பாட்ஸ் அக்காதான். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, நோர்வூட் பக்கம் தனியாக இருந்தார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். தோட்டப்பகுதி வீடுகளில் பழைய கறுப்பு மெஷின்கள் இன்றைக்கும் ஏராளம். அவற்றில் ஒரு சின்னச் சாமான் உடைந்தாலும் கடைக்காரர்கள் புதிதாக வாங்கச் சொல்லிவிடுவார்கள். பாட்ஸ் அக்கா அப்படிச் சொல்லமாட்டார். பழைய இரும்புக் கடை, தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப் பார்த்துக்கொண்ட, இப்போது மூடிக்கிடக்கிற பிள்ளைக் காம்பிரா, துரைமார் பங்களாவின் சாமான் அறை என்று தேடி எங்கிருந்தாவது ஒன்றைக் கொண்டுவந்துவிடுவார். தோட்டத்து வரிசை வீடுகளில் எந்த லயத்தில், எந்தக் காம்பிரா அறையில், எந்த மெஷின் சும்மா கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். நம்மை வழியில் கண்டால், "மெஷின் சொகமா?" என்பார். நாம் சுகமா என்பது அதற்குப் பிறகுதான். சில நாள் அதைக் கேட்க மறந்தும்விடுவார்.

அந்த றெக்சின் பைக்குள் ஒரு பெரிய பால்மா டின் இருந்தது. ஒருநாள் என் கடையில் அதைக் கவிழ்த்தபோது நான் சிரித்துவிட்டேன். உள்ளே இருந்த இரும்புச் சாமான்கள் எல்லாம் உடுத்திக்கொண்டிருந்தன. ஊசித்தண்டுக்கு ஒரு பச்சைத் துணித்துண்டு. நூல் இறுக்குகிற ஸ்பிரிங்குக்குக் கோடுபோட்ட சட்டைத்துணி. ஒரு சின்ன திருகாணிக்குக்கூட நீலச் சீத்தைத்துணியில் ஓர் இழை சுற்றியிருந்தது.

"இதென்னாக்கா, பொம்மைக் கல்யாணமா?"

"எந்த வீட்டுச் சாமானோ அந்த வீட்டுத் துணி. மாறிடக் கூடாதுல்ல."

அவருடைய முறையே தனி. ஒரு மெஷினிலிருந்து கழற்றிய சாமானை அவர் இன்னொருவருக்கு விற்கவே மாட்டார். கைமாற்றாகத்தான் கொடுப்பார். சும்மா கிடக்கிற மெஷினில் இருந்து சொந்தக்காரர் சம்மதத்தோடு கழற்றி, வேலை செய்கிற மெஷினில் போடுவார். சொந்தக்காரர் கேட்கிற அன்றைக்கு அது வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அவர் கூலி வாங்கியதெல்லாம் தேடி அலைந்ததற்கும் பூட்டிக் கொடுத்ததற்கும்தான். இப்படியும் ஒரு பிழைப்பு உண்டா என்று நான் கேலி செய்திருக்கிறேன். "விக்கிறதுக்கு அது நம்ம சாமானா?" என்பார்.

நுவரெலியாவில் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. அங்கே ஒரு பெரிய ஹோட்டல் வாசற்கூடத்தில் பழைய தையல் மெஷின்களை அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அக்கா அதைப் பார்க்கக் கிளம்பினார். எனக்கும் நூல் வாங்க வேண்டியிருந்ததால் கூடவே போனேன். வெள்ளைக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா யாரையும் சட்டை செய்யாமல் நேரே போய், ஒரு மெஷினின் மேலிருந்த பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மெஷினைச் சாய்த்துவிட்டார்.

காவலாளி ஓடிவந்தார். "மொக்கத நோனா மே கரன்னே?" என்று சிங்களத்தில் அதட்டினார். என்ன செய்கிறாய் என்று அர்த்தம். அக்கா அசையவில்லை. முழுசாகப் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார். பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். தானும் சிங்களத்தில், "ஐயோ மாத்தயா, காய்ஞ்சு போய் கெடக்கு, பாவம்," என்கிற மாதிரி என்னவோ சொன்னார். ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி எண்ணெய் விட்டார். சோபாவில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்துவந்து படம் எடுத்துக்கொண்டார். காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் பூச்சாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அடுத்திருந்த மெஷினைக் காட்டி, அதற்கும் விடச் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "துரு இருந்துச்சாக்கா?"

"இல்ல புள்ள." அதே வாடிய முகம்.

இன்னொரு விசித்திரம். அவருக்குத் தைக்கத் தெரியாது. ஒரு கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கத் தெரியாது. பழுது பார்த்து முடித்ததும் தையல் போட்டுப் பார்ப்பதற்குக்கூட வீட்டுக்காரப் பெண்ணைத்தான் உட்காரவைப்பார். தான் பக்கத்தில் நின்று கண்ணை மூடிச் சத்தம் கேட்பார். அவருடைய சட்டைகளை நான்தான் தைத்துக் கொடுத்தேன். ஏன் பழகவில்லை என்று ஒருமுறை கேட்டபோது கண் சரியில்லை என்றார். சொல்லிக்கொண்டே ஊசியில் நூலை ஒரே குத்தில் கோத்தார். இன்னொருமுறை கை நடுங்கும் என்றார். மூன்றாம் முறை, "ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

அவர் வீட்டுக்கு ஒருநாள் போயிருந்தேன். முன்னறையில் தையல் மெஷினின் இரும்புக் கால் இருந்தது. அதன் மேல் பலகை போட்டு டீவி வைத்திருந்தார். நாடகம் பார்த்துக்கொண்டே அவர் பாதம் மிதியை மிதித்துக்கொண்டிருந்தது. மேலே டீவியில் யாரோ அழ, கீழே சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"இதோட தலை எங்கக்கா?"

"வரும்," என்றார். பிளேன்டீ ஊற்றப் போய்விட்டார்.

பிறகு அந்தக் கஷ்டகாலம் வந்தது. டீசலுக்கு ஒரு வரிசை, கேஸுக்கு ஒரு வரிசை. கரண்ட் பாதி நாள் இருக்காது. என் கடையில் ஓடிக்கொண்டிருந்தது மோட்டார் மெஷின். கரண்ட் போனால் அது வெறும் மேசை. மூலையில் ஒரு பழைய கறுப்புக் கால் மெஷின் கிடந்தது. அதன் மேல் வெட்டிய துணிகளை அடுக்கி வைப்பது வழக்கம். அதைத் தூசி தட்டி மிதித்தபோதுதான் அதன் ஷட்டில் மூக்கொடிந்து கிடப்பது தெரிந்தது. கீழ்நூலைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் ஓடுகிற, சின்னப் படகு போன்ற சாமான் அது. அது இல்லாமல் ஒரு தையலும் விழாது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத நேரம். ஹட்டனில் இல்லை, கண்டியில் இல்லை. பாட்ஸ் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

வந்தார். சாய்த்தார். பார்த்தார். துருவும் இல்லை, முகத்தில் வெளிச்சமும் இல்லை. "பாப்பம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து ஹட்டன் பஸ் கொண்டக்டர் என் கடை வாசலில் இறங்கி ஒரு மிட்டாய் டின்னை நீட்டினார். உள்ளே ஷட்டில். மஞ்சளில் சின்னப் பூப்போட்ட துணித்துண்டு கட்டியிருந்தது. மஞ்சள் துணிக்காரர் யார் என்று அக்காவிடம் ஃபோனில் கேட்டேன்.

"மேல் டிவிசன்ல தொங்க லயத்துல ஒரு புள்ள இருக்கால்ல, அவ அம்மாது. அம்மா குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்கா. மக குடுத்தா. இந்தா பாரு, அவ அம்மா வந்து எறங்குற அன்னைக்கு இது அந்த மெஷின்ல இருக்கணும். அந்தப் புள்ளைகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

சரி சரி என்றேன். அந்த நேரத்தில் மலையைத் தூக்கித் தரச் சொன்னாலும் சரி என்றிருப்பேன்.

அந்த ஷட்டிலை வைத்துத்தான் என் அடுப்பு எரிந்தது. மூடிக்கிடந்த பள்ளிக்கூடங்களைத் திறக்கப் போகிறார்கள் என்றதும் வெள்ளை யூனிஃபோர்ம் வந்து குவிந்தது. பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டிருந்தார்கள், பழைய சட்டை ஒன்றும் ஏறவில்லை. திங்கட்கிழமை காலையில் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று தாய்மார்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை. நல்ல மழை. பாதி தைத்த சட்டைகள் மடியிலும் மேசையிலும் கிடந்தன. பாட்ஸ் அக்கா குடையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார். மெஷின் சுகமா என்று கேட்கவில்லை.

"ஷட்டிலைக் கழட்டு புள்ள. அவ வந்துட்டா. கொழும்புல இருந்து பஸ் ஏறிட்டாளாம்."

"யாரு?"

"மஞ்சத் துணிக்காரி. அங்க சரிப்பட்டு வரல போல, சொல்லாம கொள்ளாம வந்துட்டா. வழியில யாரோட ஃபோன்லயோ மகளுக்குப் பேசிருக்கா. மத்தியானத்துக்குள்ள வீட்டுல நிப்பா."

என் தலையில் இடி விழுந்தது. "அக்கா, திங்கக்கெழமை பள்ளிக்கூடம். இதைப் பாருங்க. இம்புட்டும் கெடக்கு. ரெண்டே ரெண்டு நாள். நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்."

"இன்னைக்கு."

"வந்த ஒடனேயா தைக்க ஒக்காரப் போறாங்க? பெத்த புள்ளையப் பாப்பாங்களா, மெஷினைப் பாப்பாங்களா?"

"மெஷினைப் பாப்பா."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியும்."

"இந்தப் புள்ளைங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது? ஒங்களுக்கு மனுசரைவிட இரும்புதான் பெருசு!"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மூடியைத் தள்ளி ஷட்டிலை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். பாதியில் நின்ற சட்டை ஊசியிலேயே தொங்கியது. அவர் பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்து அதில் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

நான் கடையைப் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனேன். கோபம் பாதி. மிச்சம் பாதி, உண்மையைச் சொன்னால், பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை. வருஷக்கணக்கில் பிள்ளையைப் பிரிந்திருந்த ஒருத்தி வந்ததும் மெஷினையா பார்ப்பாள்? பார்க்காவிட்டால் அங்கேயே அக்காவைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு பஸ் இல்லை. தேயிலைக் கொழுந்து லொறி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, ஈரச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து போனோம்.

தொங்க லயம் என்பது வரிசையில் கடைசி. அதில் கடைசிக் காம்பிரா. மகளுக்குப் பதினெட்டு வயதிருக்கும், பதற்றத்தில், கூட்டிய வீட்டையே மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள். வரப்போகிறவளின் தகப்பனார் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அக்கா மூலையில் இருந்த மெஷினின் போர்வையை எடுத்தார், ஷட்டிலைப் போட்டார், கீழே குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பெல்ட் எங்க?"

மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்க்கிற தோல் பட்டியைக் காணவில்லை. மகள் விழித்தாள். இஸ்தோப்பில் வெற்றிலை மெல்லுகிற சத்தம் நின்றது.

"அந்த வாரா?" என்றார் பெரியவர் மெதுவாக. "நல்ல கெட்டியான வாரு. சும்மாதானே கெடந்துச்சு... ஆட்டுக்குக் கட்டிவிட்டேன்."

"ஆடு எங்க?"

"மலையில மேயுது."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மழையில், வழுக்குகிற சரிவில், அந்த ஆட்டைத் துரத்தினோம். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருபக்கம், நான் ஒருபக்கம், மகள் கீழே வடிகால் கானுக்குள். பெரியவர் வாசலில் நின்றபடி, "கூப்புட்டா வராது, பேரு சொல்லிக் கூப்புடுங்க!" என்று கத்தினார். பேரைச் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் செடிக்குள் விழுந்து அதன் பின்னங்காலைப் பிடித்தேன். எனக்கு அதைப் பிடிக்கவேண்டிய தேவை என்ன? என் ஷட்டிலைப் பறித்தவருக்கு நான் ஏன் ஆடு பிடித்துக் கொடுத்தேன்? தெரியவில்லை. பிடித்துவிட்டேன்.

பட்டி ஊறி நீண்டிருந்தது. அக்கா அதைத் துடைத்து, ஒரு விரல் அளவு வெட்டி, கம்பியால் கோத்துச் சேர்த்து மாட்டினார். மகளை மிதிக்கச் சொன்னார். முதலில் வழுக்கியது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். சக்கரம் பிடித்தது. போர்வையைத் திரும்பப் போர்த்தினார். அந்த நேரத்தில்தான் மேலே ரோட்டில் த்ரீவீலர் நிற்கும் சத்தம் கேட்டது.

அவள் படியிறங்கி வந்தாள். கறுப்பு அங்கி, கையில் ஒரே ஒரு பை. மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளும் மகளை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் அவள் கண் மகளின் தோளுக்கு மேலாக, கதவைத் தாண்டி, மூலையைப் பார்த்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

உள்ளே வந்தாள். தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. போர்வையை ஒரு நுனியில் தூக்கிப் பார்த்தாள், பிறகு முழுவதும் விலக்கினாள். உட்கார்ந்தாள். அங்கியின் கிழிந்திருந்த ஓரத்தை அப்படியே இழுத்து ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். மெஷின் தடதடவென்று ஓடியது. ஒரு சாண் தூரம் தைத்துவிட்டு நிறுத்தினாள். தையலை விரலால் தடவினாள்.

"எல்லாம் அப்புடியே இருக்குப்பா," என்று தகப்பனைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் அழுதாள். தகப்பனார் ஆட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். நானும் அழுதுவிட்டேன். அந்த வீட்டில் அவள் விட்டுப்போனபடியே காத்திருந்தது அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது விளங்கியது. குவைத்தில் பட்டதையெல்லாம் அவள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள், அது வேறு கதை.

பாட்ஸ் அக்காவைத் தேடினேன். அவர் வீட்டுக்குள் இல்லை. வெளியே பீலித் தண்ணீரில் கையில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தச்சுட்டாங்க," என்றேன்.

"கேட்டுச்சு."

திரும்பி வருகையில் லொறி கிடைக்கவில்லை. குறுக்குப் பாதையில் நடந்து இறங்கினோம். மழை விட்டிருந்தது. நான் கேட்காமலேயே அவர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பாதையைப் பார்த்துச் சொன்னார்.

"நானும் வெளிநாடு போயிருந்தேன் புள்ள. போறதுக்கு முந்தி ஒரு மெஷின் வாங்கினேன், பழசுதான். கறுப்பு. வந்து பழகலாம்னு. யாரும் சாமானை மாத்திரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் அடியில செவப்பு நெகப்பாலிசுல ஒரு பொட்டு வச்சிட்டுப் போனேன். அங்க ராத்திரி படுத்தா அதைத்தான் நெனப்பேன். இந்தப் பக்கம் நூலு, அந்தப் பக்கம் துணி. வந்து பாத்தா இரும்புக் கால் மட்டும் நிக்கிது. முழுசா வித்திருந்தாக்கூட ஒரு எடத்துல இருந்திருக்கும். எங்க வீட்டு மனுசன் பிச்சுப் பிச்சு வித்துக் குடிச்சிட்டான்."

நான் நின்றுவிட்டேன். "அப்ப நீங்க அடியில பாக்குறது துரு இல்லையா?"

"தேடித் தேடி நாலு எடம் போனதுல மத்த வேலையும் பழகிட்டேன்," என்றார். அவ்வளவுதான்.

யூனிஃபோர்ம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலை அந்த மகள் ஃபோன் எடுத்து, "எங்க ஷட்டிலை வச்சித்தான் தச்சீங்களாமே, துணியெல்லாம் கொண்டாங்கன்னு அம்மா சொல்றாங்க," என்றாள். ஞாயிறு முழுவதும் அந்தக் காம்பிராவில் மஞ்சள் துணிக்காரியும் நானும் மாறி மாறி மிதித்தோம். திங்கட்கிழமை பிள்ளைகள் வெள்ளையாகப் போனார்கள். சிலருக்குக் கை கொஞ்சம் நீளம். அவளும் நானும் இன்றைக்கும் சேர்ந்துதான் தைக்கிறோம். ஷட்டில் ஒன்று எனக்கும் பிறகு கிடைத்தது, அக்கா தேடித் தந்ததுதான்.

அவர் இப்போது இந்தப் பக்கம் இல்லை. முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போய், வத்தளையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இரும்புக் காலையும் லொறியில் ஏற்றிக்கொண்டுதான் போனார். மகள் வேண்டாம் என்று சண்டை பிடித்தாளாம்.

அவர் போனபிறகு எனக்கு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் கண் மெஷினைத் தேடுகிறது. போன மாதம் இறம்பொடையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெண், கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் துணிப்பை தைத்து விற்கிறாள். வாசலில் கறுப்பு மெஷின். கேட்காமலேயே போய்ச் சாய்த்தேன்.

"என்னாக்கா பாக்குறீங்க?"

"துரு," என்று வாய் தானாகச் சொன்னது. ஃபோன் வெளிச்சத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். சிவப்பாக ஒரு பொட்டு. கைச்சக்கரத்தின் உள்ளே இன்னொன்று. மற்றச் சாமான்கள் எல்லாம் வேறு வேறு மெஷினில் இருந்து வந்தவை. ஆனால் உடம்பும் சக்கரமும் அக்காவுடையவைதான்.

வெளியே வந்து, ஊரருகே விழுகிற அருவியின் சத்தம் குறைவாகக் கேட்கிற இடமாகப் பார்த்து நின்று, அக்காவுக்கு ஃபோன் போட்டேன். சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"தைக்கிதா?" என்று கேட்டார்.

"நல்லாத் தைக்கிதுக்கா."

"யாரு தைக்கிறா?"

"ஒரு பொண்ணு. பை தச்சு விக்கிறா. ரெண்டு புள்ளைங்க. நுவரெலியாவுல யார்கிட்டயோ வாங்கினதாம். அவளுக்கு ஒண்ணுந் தெரியாது." கொஞ்சம் தயங்கி, "அதுலதான்க்கா அவளுக்குச் சோறு," என்றேன். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது அவருடைய சட்டம். இப்போது கேட்டுவிடுவாரோ?

"அப்ப அவகிட்ட ஒண்ணும் சொல்லிறாத புள்ள," என்றார். பிறகு, "சத்தத்தை மட்டும் ஒருக்கா கேக்க வையி."

திரும்ப உள்ளே போனேன். மெஷின் ஓடுகிற அழகைப் பார்க்கவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு பையை எடுத்துக் கைப்பிடியை வைத்துத் தைத்தாள். ஃபோனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தேன். ஒருபக்கம் முடித்து, திருப்பி, மறுபக்கமும் ஓட்டி, நூலை அறுத்தாள். ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"இன்னொரு பை தைக்கச் சொல்லு," என்றார் அக்கா.